பூனைக்குட்டி கேட்டால் பெண் கேட்ட மாதிரிதான் விசாரிப்பேன்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போடுகிறவர்கள் அதையும் போடாமல் இருந்தால் சந்தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் குடும்பத்தோடு லால்குடிக்கு என் வீட்டுக்கு வந்தான். கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கி வைத்திருக்கும் சாய்ப்பில் தெருப்பூனை ஒன்று ஏப்ரல் நடுவில் நாலு குட்டி போட்டிருக்கிறது. அவன் பையனுக்கு அடுத்த வாரம் பிறந்த நாள். "அத்தை, அந்தச் சாம்பல் குட்டியைக் குடுங்க. அட்டைப் பெட்டியில வச்சு ரிப்பன் கட்டி, கேக் வெட்டுறப்ப சர்ப்ரைஸா குடுக்கணும்" என்றான். நான் சில கேள்விகள் கேட்டேன். பதில் திருப்தியாக இல்லை, குட்டியைக் கொடுக்கவில்லை. அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அத்தை வீட்ல பூனைக்குட்டிக்கே அட்மிஷன் டெஸ்ட் நடக்குது, பொண்ணு கேட்டுப் போன மாதிரி விசாரிக்கிறாங்க" என்று எழுதிவிட்டான். பதினேழு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன்.

ஆமாம், டெஸ்ட்தான். ஏன் டெஸ்ட் என்று இங்கே எழுதுகிறேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் என் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆனவள். 2017 மே மாதம் பணி ஓய்வு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் போவதற்கு இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி செருப்புப் பெட்டியில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து, "டீச்சர், உங்களுக்குத் துணையா இருக்கும்" என்று கொடுத்தாள். கண் திறந்து சில நாள்தான் இருக்கும். நீலக் கண். எனக்கோ பூனை வளர்த்துப் பழக்கமே இல்லை. பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து இங்க் ஃபில்லரால் ஊட்டினேன். பெருமையாக வேறு இருந்தது. மூன்றாம் நாள் இரண்டுக்கும் பேதி. ஐந்தாம் நாள் காலை ஒன்று விறைத்துக் கிடந்தது. மற்றதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அம்மா திட்டவில்லை. "பசும்பால் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி போதுமாக இருந்தது.

34 வருஷம் ஒன்றாம் வகுப்புச் சுவரில் பூனை கிண்ணத்தில் பால் குடிக்கும் படத்தை என் கையால் வரைந்து ஒட்டியிருக்கிறேன். "பூனை என்ன குடிக்கும்?" "பால் குடிக்கும் டீச்சர்!" எத்தனை நூறு குழந்தைகளைக் கோரஸாகக் கத்த வைத்தேனோ தெரியாது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை பூனையின் பாலில் இருப்பதைவிட அதிகம், குட்டிக்குத் தேவையான புரதமும் கொழுப்பும் குறைவு. குடலில் செரிக்காத சர்க்கரை பேதியாகப் போகிறது. கைப்பிடி எடைகூட இல்லாத உடம்பில் தண்ணீர் வற்ற எவ்வளவு நேரம் ஆகும்? பத்துப் பதினைந்து நாள் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. நான் அதைச் சிமெண்டுத் தரையில், மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தேன். ஆசையாகத்தான் வளர்த்தேன். ஆசையில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே அண்ணன் மகனிடம் முதலில் கேட்டது, குட்டிக்கு எத்தனை வாரம் ஆகிறது தெரியுமா என்று. "அது எதுக்கு அத்தை, சின்னதா இருக்கும்போதே கொண்டுபோனாத்தான் நம்மகிட்ட பழகும்" என்றான். இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஐந்து வாரம்தான் ஆகிறது. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். நாலாவது வாரத்தில்தான் பால் தவிர வேறு எதையும் நக்கிப் பார்க்கவே ஆரம்பிக்கும். கடித்து விளையாடினால் கூடப் பிறந்தது திருப்பிக் கடிக்கும், தாய் ஓர் அறை விடும். அப்போதுதான் எவ்வளவு கடிக்கலாம் என்று அதற்குத் தெரியும். அந்தப் பாடத்தைப் படிக்காமல் வரும் குட்டி, உங்கள் பிள்ளையின் கையைக் கிழித்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கும். நீங்கள் அதை "திமிர் பிடிச்ச பூனை" என்பீர்கள். ஒன்றாம் வகுப்பில் உட்காராத பையனை நேராக ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு மக்கு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மனிதர்களோடு பழக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று கற்றுக்கொள்ளும் காலம். நீங்கள் வந்து என் கொல்லையில் உட்கார்ந்து, தாயின் கண் முன்னால் கையில் எடுத்துத் தடவுங்கள். யார் வேண்டாம் என்றது?

அடுத்து, பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை போட்டிருக்கிறாயா என்றேன். திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். "பூனை எங்க விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும் அத்தை, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்று என்னையே மடக்கினான். சொல்லிக் கொடுத்திருப்பேன். 1894ஆம் ஆண்டிலேயே பிரான்ஸில் மாரே என்ற உடலியல் அறிஞர், பூனையைத் தலைகீழாகப் பிடித்து விட்டு, அது காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொள்வதை அடுத்தடுத்துப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார். திரும்புவது நிஜம். ஆனால் நாலு காலில் இறங்குவதற்கும் கால் உடையாமல் இறங்குவதற்கும் சம்பந்தமில்லை. மாடியிலிருந்து விழுந்த பூனைக்குத் தாடை உடையும், நெஞ்சில் அடிபட்டு மூச்சு திணறும். குட்டிக்கோ அந்தத் திருப்பும் வித்தை முழுசாக வரவே ஆறேழு வாரம் ஆகும். கொசு வலை போதாது, நகத்தால் கிழித்துவிடும். கம்பி வலையோ கெட்டியான நைலான் வலையோ வேண்டும்.

ஜன்னலோடு முடியவில்லை. நம் வீடுகளில் குட்டிக்கு எமன் உட்கார்ந்திருக்கும் இடங்கள் எல்லாம் நாம் தினமும் கை வைக்கும் இடங்கள்தான். மூடி சரியாக இல்லாத சம்ப். பாதி தண்ணீரோடு குளியலறையில் நிற்கும் வாளி. கதவு திறந்து கிடக்கும் வாஷிங் மெஷின், உள்ளே துணி இருந்தால் அதுதான் மெத்தை. காலையில் ஸ்டார்ட் செய்யும் காரின் பானெட். பூத்தொடுக்கும் நாரும் தையல் நூலும். நூலை விழுங்கினால் குடல் சுருண்டு அறுபடும், வெளியே தெரிகிறதே என்று வாலுக்கடியில் நீங்கள் பிடித்து இழுத்தால் இன்னும் மோசம். பீரோவில் போடும் அந்துருண்டை. தரை துடைக்கும் பினாயில் பூனைக்கு விஷம். காலில் ஒட்டியதை நக்கித்தானே அது குளிக்கிறது? நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும்.

எங்கள் தெருவில் ஒருவர் தன் பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு இரைத்தது. சாயங்காலம் முடிந்துவிட்டது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. அவர் கொடூரமான மனிதர் இல்லை, தன் பேத்திக்குக் கொடுத்ததைத்தான் கொடுத்தார்.

மூன்றாவது கேள்வி சாப்பாடு. இதில்தான் சண்டை. அவன் மனைவி வீட்டில் சுத்த சைவம், "தயிர்சாதம் போட்டுப் பழக்கிடுவோம்" என்றாள். பூனை மாமிசம் தின்னும் உடம்போடு பிறந்தது. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கும், உடம்பில் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் தளர்ந்து வீங்கும். இதயத்துக்கும் அந்தக் குறைக்கும் உள்ள தொடர்பை 1987இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பூனை உணவு செய்யும் கம்பெனிகள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. "எங்க பூனை தயிர்சாதம்தான் சாப்பிடுது, பத்தியமா இருக்கு" என்று பெருமைப்படுகிறவர்கள் நிறைய. அந்தப் பூனை ராத்திரியில் பல்லியும் எலியும் தின்றுதான் உயிரோடு இருக்கிறது. மூன்றாம் மாடியில் பூட்டி வைத்த பூனைக்கு அந்த வழியும் கிடையாது. சைவம் உங்கள் விருப்பம், நான் மதிக்கிறேன். வேகவைத்த கோழியைக் கையால் தொட மாட்டேன் என்றால் குட்டிகளுக்கான பாக்கெட் உணவு வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் முயல் வளர்க்கலாம், கிளிஞ்சல் சேர்க்கலாம். அசைவ வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று: மிஞ்சிய மீன் குழம்பு பூனைச் சாப்பாடு ஆகாது. உப்பும் காரமும் ஒரு பக்கம், வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை உடைக்கும்.

மண் தட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வெளிய போய்க்கும்" என்றான். மூன்றாம் மாடியில் எது வெளியே? பழைய பிளாஸ்டிக் டப்பும் மணலும் போதும். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிர்மூலையில் வையுங்கள், தினமும் அள்ளிக் கொட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். கொண்டுபோன முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிடாமல் ஓர் அறையில் வைத்து, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி கொடுங்கள். அது தானாக வெளியே வரும்வரை யாரும் இழுக்கக் கூடாது. இருபது பிள்ளைகள் கைதட்டிப் பாட்டுப் பாடி பலூன் உடைக்கும் பிறந்த நாள் வீட்டில், தாயைப் பிரிந்து ஒரு மணி நேரம் ஆன குட்டியை ரிப்பன் கட்டிய பெட்டியிலிருந்து எடுத்தால், அது அந்த வீட்டைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது என்ன?

தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்துக்கு மேல். பிள்ளையைப் பிறாண்டினாலோ கடித்தாலோ கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள் வைக்காதீர்கள்.

கடைசிக் கேள்வியில்தான் அவன் எழுந்து போனான். ஆறு மாதத்துக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்வாயா என்றேன். "அது பாவம் அத்தை. அதுவும் வாயில்லா ஜீவன்."

நண்பர்களே, நாலாம் வகுப்புக் கணக்கு போடுவோம். பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். இந்த ஏப்ரலில் பிறந்தது கார்த்திகை தீபத்துக்குள் தாயாகி நிற்கலாம். அப்போது நாலு குட்டி. அவன் என்ன செய்வான்? எல்லோரும் செய்வதைத்தான் செய்வான். கோணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விடுவான். "அங்க மீன் கிடைக்கும், பிழைச்சுக்கும்." மே மாத லீவில் ஆசையாக வாங்கிய குட்டிகள் ஜூன் ஜூலையில் அந்த மார்க்கெட் வாசலில் எந்த நிலையில் கிடக்கின்றன என்று நான் எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். தெருப்பூனைகளும் நாய்களும் உள்ள இடத்தில் புதுக்குட்டி எத்தனை நாள் பிழைக்கும்? மயக்க ஊசி போட்டு டாக்டர் செய்யும் ஆபரேஷன் பாவம், இது புண்ணியமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆவது பிரிவில், பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதும் குற்றம் என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அச்சுப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். கோணிப்பைக்கே அதைவிடக் கூட ஆகும்.

குழுவில் என் அக்கா எழுதியிருந்தாள், "நம்ம பாட்டி வீட்ல வலை போட்டா பூனை வளர்த்தாங்க?" என்று. இல்லைதான். பாட்டி வீட்டில் நெல் குதிர் இருந்தது, எலி இருந்தது, கிணற்றடியில் மீன் கழுவினார்கள், ஓட்டுக்கூரை இருந்தது. எத்தனை குட்டி பிறந்தது என்று நமக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை செத்தது என்று யாராவது எண்ணினோமா அக்கா? கிணற்றில் மிதந்த ஒன்றை அப்பா வாளியில் எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். பையன் முகம் வாடியதைப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. கையில் எடுத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, குட்டி பயந்துவிடுமோ என்று அசையாமல் நின்றான். அவன் அப்பாவுக்கு அந்த வயதில் அந்தப் பொறுமை கிடையாது.

ஆகவே என் முடிவு இது. ஜூன் இரண்டாம் ஞாயிறு வரை எந்தக் குட்டியையும் யாருக்கும் தருவதாக இல்லை. தாய்ப்பூனைக்கு ஆபரேஷன் செய்ய டாக்டரிடம் பேசிவிட்டேன். சாம்பல் குட்டி ஆண். அதை அந்தப் பையனுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், வேறு இரண்டு பேர் கேட்டும் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா தம்பி, குட்டியோடு விளையாடட்டும், மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். பால்கனிக்கு வலை கட்டியதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. குடும்பக் குழுவிலேயே அனுப்பலாம்.