கண்ணகியின் வழக்கும் பாண்டியனின் கடனும்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை சென்று வந்தவர்களுக்கு, அங்கே கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் அதுவென்பது முல்லைத்தீவு மக்களின் ஐதிகம். வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விடயம். ஒரு மக்கட் கூட்டம் எந்தத் தெய்வத்தைத் தன் தாயாகத் தெரிந்துகொள்கிறது என்பதும் வரலாற்றுச் செய்திதானே! அரசவையில் ஏறி நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணை வன்னி மண் தெரிந்துகொண்டது.

ஆனால் அந்தக் கதையில் இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி நீதி கேட்டாள். மற்றவனோ, தன் தீர்ப்புப் பிழையென்று கண்ட அந்தக் கணத்திலேயே உயிரை விட்டான். சாட்சி போதாது என்று அவன் சொல்லவில்லை. விசாரணைக் குழு அமைப்போம் என்று சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டவுமில்லை. கேட்டவளுக்குக் கோயில் எழுப்பிய நாம், கொடுத்தவனை மறந்துவிட்டோம். நீதி என்றால் கேட்டுப் பெறுவது என்ற எண்ணம் மட்டுமே நம்மிடையே வளர்ந்திருக்கிறது. அது கொடுக்க வேண்டிய கடனும் ஆகும் என்ற நினைவு நம் மேடைகளிலும் இல்லை, பத்திரிகைகளிலும் இல்லை.

நாம் கேட்பதில் பிழை உண்டா? அணுவளவும் இல்லை. 2009 இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். 2012 செப்ரெம்பரில் மனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களுக்கு அவர்களுடைய ஊர் கிடைக்கவில்லை. அது இராணுவத்தின் கையில் இருந்தது. 2017 இன் தொடக்கத்தில் பிலக்குடியிருப்புப் பெண்கள் தம் குழந்தைகளோடு இராணுவ வாயிலின் முன் இரவுபகலாக இருந்துதான் தம் காணிகளை மீட்டனர். அதே ஆண்டு பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கினர். அவர்களிற் பலர் தம் பிள்ளைக்கு என்ன நேர்ந்ததென்று அறியாமலே மாண்டுபோயினர். இக்கோரிக்கைகளில் ஓர் எழுத்தைக்கூடக் குறைப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. நம்முடைய வாயிலில் சிலம்போடு நிற்பவர் யார்?

கிளிநொச்சியில் மலையாளபுரத்துக்கோ பாரதிபுரத்துக்கோ சாந்தபுரத்துக்கோ போய்ப் பாருங்கள். அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையகத்திலிருந்து வந்தவர்களின் மக்களும் பேரர்களும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிற் பட்டினி. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் கலவரங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் வடக்கு நோக்கி நடந்தது. காட்டை வெட்டியது அவர்கள் கை. இறக்குமதித் தடைக் காலத்தில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் பொன்னாக விளைந்தது. கூலிக்குக் கொத்தியவர்களிலும் நீர் பாய்ச்சியவர்களிலும் அவர்கள் பலர். யாழ்ப்பாணத்திற் கல்வீடுகள் எழும்பின. வன்னியில் அவர்களுடைய மண்சுவர்கள் மண்சுவர்களாகவே நின்றன.

அவர்களைக் கூலிகளாகப் பாராமல் குடிகளாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். வவுனியாவைத் தளமாகக் கொண்டு காந்தீயம் இயக்கத்தை நடத்திய கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அத்தகையோர். அகதிகளாக வந்தவர்களுக்கு நிலமும் கிணறும் பாலர் பாடசாலையும் வேண்டுமென்று அவர்கள் உழைத்தார்கள். அதற்கான பரிசை அரசு கொடுத்தது: 1983 இல் இருவரும் கைது செய்யப்பட்டனர், ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். மலையக அகதிகள் குடியிருந்த டொலர் பண்ணையும் கென்ற் பண்ணையும் பறிக்கப்பட்டு, சிங்களக் கைதிகளைக் குடியேற்றும் திறந்தவெளிச் சிறைகளாயின. 1984 நவம்பர் 30 இல் விடுதலைப் புலிகள் அங்கே புகுந்து கொன்றவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். விரட்டப்பட்ட மலையகத்தானுக்கு அந்தக் கொலைகளால் ஒரு பரப்புக் காணியும் மீளக் கிடைக்கவில்லை.

தனிமனிதனின் நேர்மை சமுதாய நீதியாகிவிடுமா? வவுனியாவின் முதற் பாராளுமன்ற உறுப்பினர் செ. சுந்தரலிங்கம் இதற்குச் சரியான பாடம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி. இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை மசோதாவுக்குத் துணைபோக மனமின்றி 1948 இல் மந்திரிப் பதவியை விட்டெறிந்தார். அந்நாளில் இதைச் செய்ய எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருந்தது? ஆயினும் அதே மனிதர், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களின் முன்னணியில் நின்றார். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கொழும்பு இழைத்த அநீதியைக் கண்ட கண்ணுக்குத் தன் சாதி இழைத்த அநீதி தெரியவில்லை. இதை ஒரு மனிதரின் முரண்பாடு என்று எழுதி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். நமக்கு இது ஒரு வர்க்கத்தின் நெடுங்கால வழக்கமாகவே தோன்றுகிறது. மேலே இருப்பவனிடம் உரிமை கேட்கும்போது அது நீதியின் மொழியிற் பேசும். கீழே இருப்பவன் அதே மொழியிற் பேசத் தொடங்கினால், "மரபு" என்றும் "ஒழுங்கு" என்றும் பதில் சொல்லும்.

நீதி என்பது பிறர்க்குரிய நன்மை என்று அரிஸ்டோட்டில் கூறினார். வீரம், அடக்கம் போன்ற குணங்களை ஒருவன் தனியறையிலும் பயிலலாம். நீதியைப் பயில எதிரே இன்னொருவன் வேண்டும். அவனுக்குக் கொடுக்க வேண்டியது நம் கையில் இருக்கவும் வேண்டும். இரணைமடுவின் கீழ் இந்தத் தத்துவத்தை ஒரு காணித் துண்டில் அளந்து பார்க்கலாம். குளத்து நீர் பாயும் வயல்கள், முந்திய குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற்றவர்களின் பெயரில் உள்ளன. பின்னால் வந்த மலையக மக்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் மேட்டுநிலம். வாய்க்கால் ஏறாத நிலம். சிறுபோகத்தில் நீரின் அளவுக்கேற்பப் பங்கு பிரிக்கிறார்கள். பங்கு காணிக்காரனுக்கு, அவன் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும் பங்கு அவனுக்கே. சேற்றில் நிற்பவன் அந்தப் பங்கைக் குத்தகைக்கு வாங்கி விதைக்கிறான். மழை பிழைத்தால் கடன் அவனுடையது, குத்தகைப் பணம் மற்றவனுடையது.

காணிக்காரர்களில் நல்லவர்கள் இல்லையா? உண்டு. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு உதவுபவரும் உண்டு. அந்த ஈரத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தன் வயலை உழுதவனுக்கு ஓர் எழுத்துக் குத்தகை கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். சேலை கொடுத்த கை சட்டென்று மடங்கும்!

பெண்களின் நிலையும் இதுவே. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணியின் வாரிசுரிமையில் மகளுக்கு முன்னே மகனை வைத்தது. 2022 இன் திருத்தம் வரும்வரை அந்த வரிசை மாறவில்லை. போரிற் கணவனை இழந்த பெண்கள் நிறைந்த மாவட்டங்களில் இதற்காக ஊர்வலம் போனவர் எத்தனை பேர்?

"முதலில் பெரிய நீதி வரட்டும், இவற்றைப் பிறகு பேசலாம். இப்போது பேசினால் ஒற்றுமை குலையும், எதிரிக்கு வாய்ப்பாகும்" என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் இந்தப் "பிறகு" எப்போது வருமென்று 1948 முதல் காத்திருப்பவனிடம் போய் இதைச் சொல்லத் துணிவார்களா? போர்க்காலத்தில் அந்த மேட்டுநிலக் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைக் கேட்டபோது யாரும் "பிறகு" என்று சொல்லவில்லையே! பணம் படைத்தவன் கடல் கடந்தான். கடக்க முடியாதவன் முள்ளிவாய்க்கால் வரை நடந்தான். நடந்தவனைத் "தோட்டக்காட்டான்" என்று இன்றும் கடைத்தெருவில் அழைப்பதுதான் ஒற்றுமையைக் குலைக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுபவன் குலைப்பதில்லை.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதாக வெளியேற்றப்பட்டதைப் பற்றியும் இதே "பிறகு" தான் சொல்லப்பட்டது. முல்லைத்தீவு முஸ்லிம்கள் திரும்பி வந்து காணி கேட்டபோது எழுந்த எதிர்ப்புக் குரல் தமிழ்க் குரல். கேப்பாப்புலவுக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு வேறு நியாயமா?

ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. "அதிகஷ்டப் பிரதேசம்" என்று பெயர் பெற்ற பாடசாலைக்கு நியமனம் கிடைத்ததும், இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாமென்று தேடுகிறோம். விடியற் பேருந்தில் வந்து, மணியடித்ததும் மறுபேருந்துக்கு ஓடும் வாழ்க்கையின் சிரமத்தை நாம் அறிவோம். சம்பளமும் விடுதியும் போதாதென்பதையும் அறிவோம். அவற்றுக்காகச் சங்கம் போராடத்தான் வேண்டும். ஆனால் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், ஆண்டு நடுவில் விஞ்ஞான ஆசிரியரை இழந்த வகுப்பின் பெயரும் இடம்பெற வேண்டாமா? அந்த வகுப்பிலேதான் நாம் கண்ணகி வழக்குரைத்த காதையை விளக்குகிறோம்.

அடுத்த சிறுபோகக் கூட்டம் மாவட்டச் செயலகத்திற் கூடும். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள் வருவார்கள். நீர்மட்டத்தின் அடிக்கணக்கு வாசிக்கப்படும். ஏக்கர்க் கணக்குத் தீர்மானிக்கப்படும். அங்கே காணிக்காரரின் பட்டியலோடு, உண்மையில் உழுபவரின் பட்டியலும் வாசிக்கப்பட வேண்டுமென்று மாணவரும் ஆசிரியரும் கமத்தொழிலாளரோடு சேர்ந்து கேட்கட்டும். மேட்டுநிலக் குடிகளுக்கு நிரந்தர அனுமதிப்பத்திரமும் கிணறும் வேண்டுமென்று கேட்கட்டும். இராணுவமும் வனத் திணைக்களமும் பிடித்துவைத்திருக்கும் நிலம் விடுபடும் நாளில், நிலமே இல்லாதவனுக்கே முதற்பங்கு என்று இன்றே எழுதி வைக்கும்படி நம் கட்சிகளையும் கேட்கட்டும். எழுத மறுப்பவர் யாரென்று அப்போது தெரிந்துவிடும்.