தொடை எலும்பு முறிந்தால்

"பாட்டி குளியல் அறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்!" என்ற கூக்குரல் ஒரு தடவையேனும் கேளாத குடும்பம் அபூர்வம். உடனே நாலு பேர் ஓடுகிறார்கள். ஒருவர் கையைப் பிடித்துத் தூக்குகிறார். இன்னொருவர், "மெல்ல எழுந்து நாலடி நடந்தால் சரியாகிவிடும்" என்று தைரியம் சொல்கிறார். மூன்றாமவர் எண்ணெய் காய்ச்சப் போகிறார். எல்லாம் அன்பின் மிகுதிதான். ஆனால் முறிந்தது தொடை எலும்பாயிருந்தால், அந்த அன்பே அபாயமாக முடியும்.

நம் உடலிலுள்ள எலும்புகளில் மிக நீளமானது தொடை எலும்பு. மிக வலுவானதும் அதுவே. அது முறிவதோடு விஷயம் முடிவதில்லை. அதைத் தொடர்ந்து இரண்டு சத்துருக்கள் வருகின்றன. முதல் சில மணி நேரத்தில் வருவது ரத்த நஷ்டம். பிறகு வருவது படுக்கை. இவ்விரண்டையும் வைத்தியர்கள் எதிர்த்துப் போராடிய கதையே தொடை முறிவுச் சிகிச்சையின் சரித்திரம்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த வாலிபனுக்குத் தொடையின் நடுவே எலும்பு முறிந்தால், தோலில் கீறல்கூட இல்லாமலே 1 லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் தொடைக்குள் தேங்கிவிடலாம். உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர். தொடையின் பலமான தசைகள் முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுக்கின்றன. அசைக்கும்தோறும் கூரிய முனைகள் சதையைக் கிழிக்கின்றன. 1914-ல் மூண்ட மகா யுத்தத்தின் ஆரம்ப வருஷங்களில், குண்டுபட்டுத் தொடை முறிந்த சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள்.

அந்த நிலைமையை மாற்றியது ஓர் இரும்பு வளையமும் அதிலிருந்து நீளும் இரண்டு கம்பிகளும்தான். வேல்ஸ் தேசத்தில் பரம்பரையாக எலும்பு கட்டிவந்த குடும்பத்தில் உதித்தவர் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891). லிவர்பூலில் வைத்தியராயிருந்த அவர், முழங்கால் நோய்க்காக இக்கருவியை அமைத்தார். அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் அதை யுத்த களத்துக்குக் கொண்டு சென்றார். காயமுற்றவனைத் தூக்கிச் செல்வதற்கு முன்பே காலை நேராக இழுத்து இக்கருவியில் கட்டினார்கள். 1917-ல் அர்ராஸ் போரில் இவ்விதம் சிகிச்சை பெற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் 100-க்குச் சுமார் 16 பேரே.

முதல் சத்துருவை அடக்கியாயிற்று, இரண்டாவது நின்றது. எலும்பு கூடும்வரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, நோயாளியை இரண்டு மூன்று மாதம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். படுக்கைப் புண், நிமோனியா, கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைதல் ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. 1939-ல் ஜெர்மனியில் கீல் நகரத்து வைத்தியர் கெர்ஹார்ட் குன்ட்ஷர், எலும்பின் உள்ளே மஜ்ஜை இருக்கும் குழாயிலேயே நீண்ட உலோக ஆணியைச் செலுத்தினார். சக வைத்தியர்கள் முதலில் நம்பவில்லை. யுத்தத்தில் சிறைப்பட்டுத் தாயகம் திரும்பிய நேச நாட்டு வீரர்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோதுதான், தொடைக்குள் அந்த ஆணியைக் கண்டு வெளி உலகம் வியந்தது! இன்று அம்முறையே திருத்தம் பெற்று எங்கும் வழங்குகிறது. சில தினங்களிலேயே நோயாளி கட்டையை ஊன்றி எழுந்துவிடுகிறான்.

நம் நாட்டில் புத்தூர்க் கட்டுக்குப் பெரும் புகழ் உண்டு. கை எலும்பில் சாதாரணமாக ஏற்படும் முறிவு, அசையாமல் கட்டி வைத்தால் கூடிவிடுவதும் உண்டு. ஆனால் வளர்ந்தவர்களின் தொடைத் தசை இழுக்கும் இழுப்பை மூங்கில் பத்தையும் துணியும் தாங்கமாட்டா.

பாட்டியின் விஷயத்துக்கு வருவோம். வயதானவர்களுக்கு முறிவது பெரும்பாலும் இடுப்பை ஒட்டிய கழுத்துப் பாகம். கால் சற்றுக் குட்டையாகிப் பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் அதுவே அடையாளம். அங்கே ரத்த ஓட்டம் குறைவாதலால் எலும்பு தானே கூடுவது கடினம். ஆகையால் திருகாணியால் பொருத்துகிறார்கள். அல்லது எலும்பின் தலையையே எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைக்கிறார்கள். "இந்த வயதில் ஆபரேஷனா? நிம்மதியாகப் படுத்திருக்கட்டுமே" என்று வீட்டார் தயங்குவது சகஜம். வயதானவர்களுக்கு அந்தப் படுக்கைதான் யமன். ஒன்றிரண்டு தினங்களுக்குள் ரண சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் அவர்களைக் காக்கும் வழி.

ஆகவே யாரேனும் விழுந்து தொடையில் வலி என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். இரு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, அடிபட்ட காலை நல்ல காலுடன் சேர்த்துத் துணியால் கட்டுங்கள். ரத்தம் வெளிப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம். ஆதலால் ஆகாரம் கொடுக்கவேண்டாம். உடனே 108-க்குச் சொல்லி அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் முன்னே செய்யக்கூடியது ஒன்றுண்டு. குளியல் அறைச் சுவரில் இன்றைக்கே ஒரு கைப்பிடியும், பாட்டி இரவில் நடக்கும் வழியில் ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள்.