மனையும் மனெயும்

மைசூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு "மனெ பாடிகெகெ இதெ" என்ற பலகை பழக்கமானது. கன்னட எழுத்தே தெரியாமல் இங்கு வந்தவர்கள்கூட முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த 'மனெ'யாகத்தான் இருக்கும். தமிழ்ப் பத்திரிகையில் "மனை விற்பனைக்கு" என்று விளம்பரம் பார்த்துப் போனாலோ, வெறும் தரையும் நான்கு எல்லைக் கற்களும்தான் இருக்கும். இங்கே மனெ என்றால் சுவரும் கூரையும் உள்ள வீடு. வெறும் தரைக்கு எல்லோரும் சொல்வது 'சைட்'.

இந்த இரண்டெழுத்தைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம் பேரக் குழந்தைகள் "தாத்தா, மனெக்குப் போலாம்" என்கிறார்கள். "கன்னடம் கலக்காதே, வீடு என்று சொல்" என்று அதட்டுகிறோம். அதே வாயால், "கன்னடமே தமிழிலிருந்து பிறந்ததுதானே" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையடிப்பவர்களும் நம்மில் உண்டு. இரண்டும் சரியல்ல என்பது என் கட்சி. நான் மொழியறிஞன் அல்லன்; ரயில் பாதையில் காலம் கழித்த டிப்ளமோக்காரன். ஆனால் அகராதி பார்க்கத் தெரியும்.

பர்ரோ, எமெனோ என்ற இரு அறிஞர்கள் 1961-இல் வெளியிட்டு, 1984-இல் விரிவாக்கிய திராவிட வேர்ச்சொல் அகராதி, மனையை 'மன்னு' என்ற வினையோடு சேர்க்கிறது. மன்னுதல் என்றால் நிலைத்திருத்தல். நிலைத்துத் தங்கும் இடம் மனை. கேரளத்தில் நம்பூதிரி வீட்டுக்கு 'மன' என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டியிலும் ஒரிசாவின் கூய் மொழியிலும் 'மன்' என்பதுதான் 'இரு' என்ற வினை. தமிழ்ப் புலவரையோ கன்னடக் கவியையோ கேட்டிராத காட்டுவாசி மக்கள் அன்றாடம் பேசும் சொல் இது. அப்படியானால் இதை யார் யாருக்குக் கொடுத்தது?

தமிழில் இந்தச் சொல் இல்லறத்தின் பக்கம் சாய்ந்தது. மனைவி, மனையாள் எல்லாம் அப்படி வந்தவை. திருக்குறளில் பெண்வழிச்சேறல் அதிகாரத்தில் மனை என்றாலே மனைவிதான். கன்னடப் பெண்களோ "நம் மனெயவரு" என்று கணவரைச் சொல்கிறார்கள்! அவர்களுக்குச் சமையலறை 'அடுகெ மனெ', பூஜை அறை 'தேவர மனெ', ஜெயில் 'செரெமனெ'. நம் அரண்மனை அவர்களுக்கு 'அரமனெ'. (1897-இல் பழைய மர அரண்மனை எரிந்தபின், 1912-இல் முடிந்த இன்றைய அரமனெயின் சிற்பி ஹென்றி இர்வின். நம் எழும்பூர் ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். ரயில்வேக்காரன் இதைச் சொல்லாமல் போக முடியாது.)

சரி, 'வீடு' எங்கிருந்து வந்தது? 'விடு' என்பதிலிருந்து. பயணத்தை விட்டு இறங்கித் தங்குமிடம். கன்னடத்தில் வகரம் பகரமாகும்; அங்கே அது 'பீடு'. ஹளேபீடு போயிருப்பீர்கள், பழைய பீடு என்று பொருள். ஆக, நாம் வீட்டில் குடியேறி மனையைக் காலித் தரையாக விட்டோம். அவர்கள் மனெயில் குடியேறிப் பீடை ஊர்ப்பெயரில் விட்டார்கள். ஒலி ஒத்தால் எல்லாம் உறவு என்றும் நினைத்துவிடக் கூடாது. வாடகையும் பாடிகெயும் இருவரும் வடமொழியிடம் கடன் வாங்கியவை.

ஐரோப்பாவிலும் இதே கதை உண்டு. ஆங்கிலத்தில் டவுன் என்றால் நகரம். அதே பழஞ்சொல் டச்சு மொழியில் தோட்டம், ஜெர்மனில் வேலி. வேலியடைத்த இடம் என்ற ஒரு கருத்து, மூன்று வீடுகளில் மூன்று விதமாக வளர்ந்திருக்கிறது.

தமிழ்தான் தாய் என்று இன்னும் வாதாடுபவர்களுக்கு ஒரு சிறு சோதனை வைக்கிறேன். நம் 'பால்' அங்கே 'ஹாலு'. இதில் பழைய ஒலியைக் காத்தது நாம். நம் 'செவி' அங்கே 'கிவி', நம் 'செம்மை' அங்கே 'கெம்பு'. இதில் மூல ஒலி ககரம் என்பது மொழியறிஞர் முடிவு. மாற்றிக்கொண்டது நாம், காத்தது அவர்கள். தாயிடம் தொலைந்துபோன ககரம் மகளிடம் எப்படி வந்திருக்கும்? அரசிகெரெ ஜங்ஷனில் மைசூர்ப் பாதையும் ஹூப்ளிப் பாதையும் பிரிகின்றன. ஒன்று மற்றதைப் பெற்றது என்று யாரும் சொல்வதில்லை.

இது வெறும் ஏட்டு விவகாரமல்ல. 2025 மே மாதம் சென்னையில் ஒரு படவிழாவில் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொன்னார். ஜூனில் அவருடைய 'தக் லைஃப்' படம் கர்நாடகத்தில் திரைக்கே வரவில்லை. படம் வராததில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் சென்னையில் பேசுபவர் பேசிவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் பால் பூத்திலும் ஆபீஸிலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கே குடியிருக்கும் நாம்தான்.

மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் 'மனெ மாத்து', அதாவது வீட்டு மொழி, தமிழ். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு கன்னட எழுத்துக்காக அவருக்குக் கிடைத்தது. 1929-இல் இதே மைசூரில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் கீழே அம்மாவிடம் தமிழ், மாடியில் அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். சங்கப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்தில் உலகுக்குக் கொண்டுபோனவர் அவர். அவருடைய தமிழ் தெருக் கன்னடத்தால் கெட்டுப்போகவில்லை.

நம் குழந்தைகளுக்குக் கன்னட எழுத்து பள்ளியிலேயே வந்துவிடுகிறது. தமிழ் எழுத்துத்தான் தடுமாறுகிறது. ஆகவே ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு சிறு மாற்றத்தைச் சங்கச் செயற்குழுவின் முன் வைக்கிறேன். கரும்பலகையில் ஒரு பக்கம் கன்னடத்தில் மனெ, மறுபக்கம் தமிழில் மனை. அடுத்த வாரம் கிவியும் செவியும். அதற்கடுத்த வாரம் ஹாலும் பாலும். சொற்பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். சரிபார்க்க, நம் உறுப்பினர் வீடுகளில் மருமகளாய் வந்திருக்கும் கன்னடப் பெண்கள் இரண்டு பேர் முன்வந்தால் போதும்.