துப்பாக்கி தந்தால் போதுமா? துணை வேண்டாமா?

தோழர்களே, படைக்கு ஆள் சேர்ப்பது ஒரு வேலை. சேர்ந்தவனை நிலைக்க வைப்பது வேறொரு வேலை. இரண்டையும் பணமே முடித்துவிடும் என்று எண்ணுவோர், அமெரிக்க நாட்டைப் பார்க்கட்டும்!

கட்டாய ராணுவ சேவையை 1973-ல் கைவிட்ட நாடு அது. அன்று முதல், விரும்பி வருவோரை நம்பியே அதன் படை நிற்கிறது. 2022-ல், ஆறாண்டுப் பணிக்குக் கையெழுத்திடுவோருக்கு 50,000 டாலர் வரை தருகிறோம் என்று தரைப்படை கூவி அழைத்தது. கண்ட பலன் என்ன? அவ்வாண்டு வேண்டியவர் 60,000 பேர். வந்தவர் ஏறத்தாழ 45,000 பேர்!

வந்தவராவது நிலைத்தனரா? முதல் ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேறுகிறார் என்று அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 1990-களிலேயே கூறிற்று. உடல் தேறாமல் போனவர் உண்டு. உள்ளம் உடைந்து போனவரும் உண்டு.

பதினெட்டு வயதுப் பிள்ளை, தாயைப் பிரிந்து, ஊரைப் பிரிந்து பாசறைக்கு வருகிறான். அதட்டப் பலர், ஆறுதல் சொல்ல யார்? மில்லில் புதிதாகச் சேர்ந்த பையனிடம், பக்கத்துத் தறிக்காரர் “இப்படிப் பிடியடா தம்பி” என்று சொல்லித் தருகிறாரே, அத்தகைய மூத்தவர் ஒருவரைப் புதிய சிப்பாய்க்குத் துணையாக்குவதுதான் வழிகாட்டித் திட்டம். பாசறையில் பரிவு காட்டினால் கட்டுப்பாடு கெடும் என்பார் சிலர். கெடாது! தன்னைக் கைவிடாதவன் சொல்லைத்தான் மனிதன் தட்டாமல் கேட்பான்.

ஆனால், பட்டியலில் பெயரெழுதி வைத்தால் துணை கிடைத்துவிடுமா? டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஹூட் முகாமை ஆராய்ந்த குழு, 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் சிப்பாய்கள், பழிவாங்கப்படுவோம் என்று அஞ்சி வாய் திறக்கவில்லை என்றது. அதிகாரிகளும் மேலாளர்களுமாகப் பதினான்கு பேர் பதவி நீக்கத்துக்கோ இடைநீக்கத்துக்கோ ஆளாயினர். மேலதிகாரிகள் இருந்தார்கள், நம்பிக்கை இல்லை!

ஆகவே, வழிகாட்டுபவர் தண்டிக்கும் அதிகாரியாக இருக்கலாகாது. பதவி உயர்வுக் குறிப்பெழுதும் பேனா அவர் கையில் இருக்கலாகாது. இருவரும் விரும்பி ஏற்கும் உறவே வழிகாட்டல் என்று அமெரிக்கத் தரைப்படை விதியே வகுத்திருக்கிறது. ஏட்டில் உள்ள அந்த விதி, பாசறைக்கு வரட்டும். குறை சொல்ல வந்தவனுக்குத் தண்டனை, குற்றம் செய்தவனுக்குப் பதவி என்ற நிலை நீடித்தால், எத்தனை வழிகாட்டிகளை அமர்த்தினாலும், சிப்பாய் வெளியேறும் வழியைத்தான் கேட்பான்!