செம போர் மச்சி!

மூணாவது பீரியட்ல கொட்டாவி விட்டுக்கிட்டே 'செம போர் மச்சி'ன்னு ஒருத்தன் மெசேஜ் தட்டுவான். அதே நேரத்துல ஊர்ல அவங்கப்பா வட்டிக்குக் கடன் வாங்கி 'போர்' போட்டுக்கிட்டு இருப்பார். பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்த ரெண்டும் சகஜம். இது யுத்தமும் இல்ல, வைக்கோல் போரும் இல்ல. இங்கிலீஷ் போர். இந்த வாரம் அதைத்தான் தோண்டப் போறோம்!

அடிப்படை அர்த்தம் துளை போடுறது. ரொம்பப் பழைய வார்த்தை. சலிப்புங்கிற அர்த்தம் 18-ம் நூற்றாண்டுலதான் வந்து ஒட்டிக்கிச்சு. நம்மாளுங்க இதுல கில்லாடிங்க. மொக்கையாப் பேசுறவனுக்கு அறுவை, ரம்பம், பிளேடுன்னு மூணு பேர். எல்லாமே அறுக்கிற ஐட்டம்! இன்டர்வியூ போற மக்களே, ஒண்ணு மட்டும் உஷார். 'ஐ யாம் போரிங்'னா 'நானே ஒரு அறுவை கேஸ்'னு அர்த்தம். போர் அடிச்சா 'போர்டு'ன்னு சொல்லணும்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது வைவா கேள்வி. கட்டி இரும்புல புதுசா ஓட்டை போட்டா டிரில்லிங். ஏற்கெனவே இருக்கிற ஓட்டையை லேத்துல பெருசாக்கினா போரிங். பைக் சிலிண்டரோட உள்விட்டமும் போர்தான். பழைய ஸ்ப்ளெண்டர்ல அது 50 மி.மீ. சிலிண்டர் தேஞ்சு வண்டி புகை கக்க ஆரம்பிச்சா, மெக்கானிக் அண்ணன் 'ரீபோர் பண்ணணும்'னு குண்டைத் தூக்கிப் போடுவார். அப்படிப் பார்த்தா போர்வெல் போடுறதே டிரில்லிங்தான். ஆனா அதை ரிக் வண்டி அண்ணன்கிட்ட சொல்லிப் பார்க்காதீங்க!

அந்த வண்டிங்க பல நேரம் திருச்செங்கோட்டுலேர்ந்து வரும். பெரம்பலூரோட மேற்குப் பக்கம் அடியில கடும்பாறை. கம்ப்ரஸர் காத்துல சுத்தியல் மாதிரி அடிச்சு அடிச்சுத்தான் இறங்கும். பாறையில வெடிப்பு இருந்தாத்தான் தண்ணி. இல்லேன்னா வெறும் பவுடர் பறக்கும். 'இன்னும் நூறடி பார்த்துடலாம்'னு யாராவது சொல்வாங்க, மீட்டர் அடிக்கணக்குல ஓடும். அரியலூர் பக்கம் கதையே வேற. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அது கடல். சிமென்ட் ஆலைங்க வெட்டுற சுண்ணாம்புக்கல் அங்கேர்ந்து வந்ததுதான். குவாரியிலயும் முதல்ல துளை போட்டு, அதுல வெடி நிரப்பித்தான் பாறையைப் பெயர்ப்பாங்க.

தண்ணி வராத போர் என்ன ஆகும்? செலவுல கொஞ்சமாவது மிஞ்சட்டும்னு கேசிங் பைப்பை உருவிடுவாங்க. தரையில வாய் மட்டும் திறந்து கிடக்கும். மேல ஒரு சாக்கு, ஒரு கல். மழையில அதுவும் போயிடும்.

1995 வரைக்கும் நாமளும் திருச்சி மாவட்டம்தானே. அதே திருச்சியில, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில 2019 அக்டோபர் 25 சாயங்காலம் ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு அப்படி ஒரு குழியில விழுந்துச்சு. பக்கத்துலயே இன்னொரு குழி தோண்டிப் போய் எடுக்கப் பார்த்தாங்க. பாறை விடல. 29-ம் தேதி விடிகாலை உடலைத்தான் எடுக்க முடிஞ்சுது. டி.வி. முன்னாடி தமிழ்நாடே முழிச்சுக் கிடந்த தீபாவளி அது.

இத்தனைக்கும் 2010-லயே சுப்ரீம் கோர்ட் ரூல் போட்டாச்சு. கைவிட்ட போரை மண்ணு, கல்லு, ஜல்லி போட்டு அடியிலேர்ந்து தரைமட்டம் வரைக்கும் நிரப்பணும். பயன்பாட்டுல இருக்கிற போர்னா, கேசிங் பைப் வாயில இரும்புத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும், இல்லே போல்ட் போட்டு கெட்டியா மூடணும். பைப்பைச் சுத்தி சிமென்ட் மேடையும் கட்டணும். பல லட்சம் கொட்டித் தோண்டுற இடத்துல மூடி ஒரு பெரிய செலவே இல்ல.

இந்த லீவுல ஊருக்குப் போனா காட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு அடிங்க. திறந்து கிடக்கிற போர் கண்ணுல பட்டா நிலத்துக்காரர்கிட்டயும் பஞ்சாயத்து ஆபீஸ்லயும் சொல்லிட்டு வாங்க. 'நமக்கேம்ப்பா வம்பு'ன்னு யாராவது அறுப்பாங்க. பரவால்ல, அறுக்கட்டும்.

அடுத்த வார வார்த்தை: பஞ்ச். டயலாக் ரெடி பண்ணிக்கங்க!