கேட்பாரற்றுப் போன இருப்புப் பாதை



மாணவர்களைப் பேருந்தில் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். முன்னொரு காலத்தில் சிரம்பானிலிருந்து இவ்வூருக்கு இரயில் ஓடியது என்று கூறினேன். உடனே நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஏன் சார் நிறுத்தினார்கள்? யாரும் கேட்கவில்லையா?" என்று வினவினான். என்னால் விடையளிக்க இயலவில்லை.

1891-இல் சுங்கை ஊஜோங் இரயில்வே அமைத்த பாதை அது. நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். முதலில் பயணிகள் சேவை நின்றது. 2008-இல் சரக்கு வண்டியும் நின்றது. சாலைகளும் மகிழுந்துகளும் பெருகியதே காரணம் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால், மலாயாவின் இருப்புப் பாதைகளில் நம் முன்னோர் வியர்வை சிந்தினர் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அப்பாதைக்காக ஒரு கடிதமேனும் எழுதினோமா?

இங்கிலாந்தில் செட்டில் – கார்லைல் பாதையை மூட முனைந்தபோது, 1981-இல் அவ்வட்டார மக்கள் நண்பர் குழு அமைத்தனர். ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனு அனுப்பினர். பயணிகளையும் பெருக்கிக் காட்டினர். 1989-இல் அரசு பணிந்தது. இன்றும் அப்பாதையில் இரயில் ஓடுகிறது. நிலையங்களில் தொண்டர்கள் பூச்செடி வளர்க்கின்றனர்.

நமக்கோ சுங்கை காடுட்டிலேயே நிலையம் உள்ளது. 2011 முதல் கொமுட்டர் இரயில் இங்கு வருகிறது. அடுத்த நிலையம் செனவாங். ஏறி அமர்ந்தால் பத்துமலை வரை செல்லலாம். ஆயினும், தைப்பூசத்தன்று மட்டுமே நமக்கு அது நினைவுக்கு வருகிறது. பள்ளிச் சுற்றுலா என்றால் உடனே பேருந்துக்கு முன்பதிவு!

"பிள்ளைகளின் பாதுகாப்பு?" என்பர் சிலர். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெற்றோர் உடன் வந்தால் போதாதா? "அது அரசாங்கத்தின் வேலை" என்பர் வேறு சிலர். பயன்படுத்துவோர் இல்லாத சேவையை எந்த அரசாங்கம் காக்கும்? சேவை குறைந்தால் மகிழுந்து வைத்திருப்பவருக்கு நட்டமில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் தோட்டத்துப் பாட்டிக்கும், கல்லூரி செல்லவிருக்கும் நம் மாணவனுக்குமே நட்டம்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஆண்டுக்கொரு கல்விச் சுற்றுலாவை இரயிலில் நடத்துங்கள். நிலையத்திற்கும் குடியிருப்புகளுக்கும் இணைப்புப் பேருந்து கோரி எழுதுங்கள். அனுமதி பெற்று, மாணவர் கைவண்ணத்தால் நிலையத்தை அழகுபடுத்துங்கள்.

நாளை இன்னொரு மாணவன் அதே கேள்வியைக் கேட்டால், "கேட்டோம்" என்று சொல்லும் தகுதியாவது நமக்கு இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.