கட்சி மாறிய அசுரர்கள்!

பிள்ளையார் சிலைகளைக் கரைக்கிற அன்னிக்கு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் கடற்கரைக்குப் போனால் மணல் தெரியாது, தலைதான் தெரியும். மினி லாரி, டாடா ஏஸ், மீன்பாடி வண்டி என்று எதில் எதிலோ பிள்ளையார்கள் வந்து இறங்குவார்கள். பெரியவரை கிரேன் தூக்கும். சின்னவரை நாலு பசங்களே தோளில் சுமந்துகொண்டு அலைக்குள் போய்விடுவார்கள். எல்லார் கண்ணும் தும்பிக்கை மேலேதான். காலடியில் தேமேன்னு உட்கார்ந்திருக்கும் பெருச்சாளியை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை.

அதுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு பாஸ். பெயர் கயமுகன். யானை முகத்து அசுரன். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணக் கதைப்படி, எந்த ஆயுதத்தாலும் சாகாத வரம் வாங்கி, தேவர்களைப் படாத பாடு படுத்தியவன். பிள்ளையார் யோசித்தார். ஆயுதம்தானே கூடாது? தன் தந்தத்தையே ஒடித்து வீசினார். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த முதல் வக்கீல் அவர்தான். அடிபட்ட அசுரன் பெருச்சாளியாக மாறிப் பாய, அவன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். நேற்று வரைக்கும் எதிர் டீம் கேப்டன், இன்று நம்ம டீமின் வாகனம்.

இந்தக் கதையை இப்போது ஏன் எடுத்தேன் என்றால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற கூட்டத்தில் ரொம்ப நாளாக ஒரு பட்டிமன்றம் உண்டு. டெமன் கட்சி மாறி டெவில் பக்கம் போக முடியுமா, முடியாதா?

'ரெண்டும் பிசாசுதானே, என்ன வித்தியாசம்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன டியூஷன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட கதை விளையாட்டு இது. டேபிளைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆடி செமஸ்டரைக் கோட்டைவிட்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இந்த உலகத்தில் டெவில் என்பவர் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஆன்மாவை எழுதி வாங்குகிற கந்துவட்டிக்காரர். ஒன்பது அடுக்கு நரகம், மேலதிகாரி, பிரமோஷன் எல்லாம் உண்டு. டெமன் என்பவன் கடையை உடைத்துக் கல்லாவை அள்ளுகிற ரவுடி. அவன் ஊர் அபிஸ். அங்கே சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. ரெண்டு பேருக்கும் காலங்காலமாக முடிவே இல்லாத சண்டை. அதற்குப் பெயர் பிளட் வார்.

(நம்ம ராட்சசனும் அந்தப் புத்தகத்தில் இருக்கான். 1977-லேயே புலித்தலையோடு போய்ச் சேர்ந்துட்டான். விசா எப்படிக் கிடைச்சுதுன்னு தெரியலை.)

சரி, கட்சித் தாவலுக்கு வருவோம். பிரபலமான கேஸ் சக்யூபஸ். அழகான பெண் உருவில் வந்து ஆளைக் கவிழ்க்கிற நம்ம மோகினிக்கு அக்கா முறை. 1977 புத்தகத்தில் இவர் டெமன். 2008-ல் நாலாம் பதிப்பு வந்தபோது பார்த்தால், டெவில் லிஸ்டில் இருக்கிறார். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரெண்டிலும் இல்லை, சுயேச்சை! நம்ம ஊர்க் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அதில்கூட மூன்றில் இரண்டு பங்கு எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து இன்னொரு கட்சியில் இணைந்தால் பதவி போகாது. சக்யூபஸ் மொத்த இனமே போனதால் கேஸ் நிற்காது.

எதிர்த் திசையிலும் ஒருத்தர் போயிருக்கிறார். கிராஸ்ட் என்ற டெமன் இளவரசர். நாலாம் பதிப்புக் கதைப்படி அவர் ஆதியில் டெவில். படையெடுத்து அபிஸுக்குள் இறங்கியவர் அங்கேயே செட்டிலாகி டெமனாகிவிட்டார். மெட்ராஸுக்கு வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டிய சித்தப்பா மாதிரி.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். சக்யூபஸ் கட்சி மாறவில்லை, மாற்றப்பட்டார். ரூல் புக் எழுதுகிறவர்கள் பேனாவை எடுத்து, இந்த வரிசையில் இருந்த பெயரை அந்த வரிசையில் எழுதினார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம பெருச்சாளியையும் யாரும் கேட்கவில்லை. சூரபத்மன் கதையும் அதுதான். கடல் நடுவே மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் முருகனின் வாகனம் ஆனது, சேவல் கொடியில் ஏறியது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் பார்ப்பது இந்தக் கட்சி மாற்றத்தைத்தான். (மயிலாப்பூர் மயில் வேற கேஸ். அது அம்பாள். குழப்பிக்காதீங்க.)

தோற்ற பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்ட இவர்களை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் தோற்பதற்கு முன்னாடி, தானாக யோசித்து, தன் காலால் நடந்து அந்தப் பக்கம் போனவன் ஒருத்தன் இருக்கிறான். அவனைத்தான் திட்டித் தீர்க்கிறோம்.

விபீஷணன்.

அண்ணன் செய்தது தப்பு என்று சபையிலேயே சொல்லிப் பார்த்தான். துரத்தினார்கள். நாலு பேரோடு கடல் தாண்டி ராமன் முகாமுக்கு வந்தான். அங்கே ஆரத்தி எடுத்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? சுக்ரீவனில் ஆரம்பித்து முக்கால்வாசிப் பேர் 'நம்பாதே, உளவாளி' என்றார்கள். சொந்த அண்ணனை ராமன் கையால் தீர்த்துக்கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் சுக்ரீவன். அவர் இதைச் சொன்னதுதான் ஹைலைட். அனுமன் ஒருத்தர்தான் பரிந்து பேசினார். கடைசியில் ராமன் அவனைத் தம்பி என்று ஏற்றுக்கொண்டான். கம்பன் கணக்கில் குகன் ஐந்தாவது, சுக்ரீவன் ஆறாவது, இவன் ஏழாவது.

அப்படியும் பெயர் கெட்டதுதான் மிச்சம். இந்திரஜித்தின் நிகும்பலை யாகம் எங்கே நடக்கிறது, எப்படிக் கலைப்பது என்று சொன்னவன் இவன்தானே. வடக்கே இவனை மனதில் வைத்து, வீட்டைக் காட்டிக்கொடுப்பவனைத் திட்டப் பழமொழியே இருக்கிறது. இங்கே புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் எழுதி, ராவணனை ஹீரோவாக நிறுத்தினார். 1948-ல் அரசு அதைத் தடை செய்தது, 1971-ல்தான் தடை நீங்கியது. அந்தக் காவியத்திலும் இவன் துரோகிதான். அதேசமயம், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில், இவன் சரணடைந்த இடம் என்று சொல்லப்படும் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 1964 புயலில் தனுஷ்கோடியே போனபோதும் அது நின்றது. இலங்கையில் களனி விகாரையில் இவனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. காட்டிக்கொடுத்ததாகச் சொல்கிறோமே, அதே நாட்டில் இவன் காவல் தெய்வம்!

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால் உங்கள் ஹாஸ்டல் மாடியைப் பாருங்கள். ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் யு.ஜி.சி. விதிகள் வந்தன. செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் அதில் இடமுண்டு. எட்டு பேர் கேங்கில் ஒருத்தனுக்கு மட்டும், ஜூனியரை முட்டி போட வைத்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் வார்டன் ரூம் கதவைத் தட்டினால் மறுநாள் மெஸ்ஸில் அவனுக்கு என்ன பெயர்? யார் அவன் பக்கத்தில் தட்டை வைப்பார்கள்? வார்டனும் 'நீயும் அந்த கோஷ்டிதானே' என்று முதலில் இவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார். சுக்ரீவன் எல்லா முகாமிலும் இருக்கிறார்.

எனக்கு இந்த மொத்தக் கதையில் பிடித்த இடம் கம்பனில் ஒன்று உண்டு. கும்பகர்ணன் போருக்கு வருகிறான். தூங்குமூஞ்சி என்று நாம் கிண்டல் அடிக்கிற அதே ஆள். ராவணன் செய்தது தப்பு என்று அவனும் சபையில் சொன்னவன்தான். விபீஷணன் போர்க்களத்திலேயே அவனைத் தேடிப் போகிறான், 'நீயும் வந்துடு' என்று கூப்பிட. தம்பியைப் பார்த்ததும் அண்ணனுக்குப் பகீர் என்கிறது. ராமன் பக்கம் கூப்பிட வந்திருக்கிறான் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மனசு மாறித் திரும்பி வந்துவிட்டானோ என்று பதறுகிறான். நாங்கள் எல்லாரும் செத்துப்போனால் எள்ளும் தண்ணியும் இறைக்க நீ ஒருத்தனாவது மிஞ்சுவாய் என்று நினைத்தேனே, இங்கே ஏன் வந்தாய் என்கிறான். தான் மட்டும் வர மறுக்கிறான். இத்தனை நாள் வளர்த்து, போர்க்கோலம் பூட்டி அனுப்பிய அண்ணனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். நீ போனது உனக்குச் சரி, நான் நிற்பது எனக்குச் சரி. அவ்வளவுதான்.

அப்புறம் கை போய், கால் போய், சாகிற நேரத்தில் ராமனிடம் அவன் கேட்கிற வரம் என்ன தெரியுமா? ராவணன் கண்ணில் பட்டால் தம்பி என்றும் பார்க்காமல் இவனைக் கொன்றுவிடுவான், இவனை உன் பக்கத்திலிருந்து விலக்காதே என்று. கட்சி மாறிப் போன தம்பிக்காக, கட்சி மாறாத அண்ணன், எதிரியிடமே சிபாரிசு செய்கிறான்.

பிளட் வாரில் இப்படி ஒரு சீன் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே டெமன் போனால் போனதுதான். பின்னால் நின்று பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் அங்கே கட்சித் தாவல் வெறும் ரூல் புக் சமாச்சாரமாக இருக்கிறது.

எனவே டன்ஜன் மாஸ்டர்களே, அடுத்த தடவை உங்கள் டேபிளில் ஒரு டெமன் 'நான் டெவில் பக்கம் போறேன்' என்றால், உடனே பக்கத்தைப் புரட்டி ரூல் தேடாதீர்கள். அபிஸில் அவனுக்கு ஒரு அண்ணனை நிறுத்துங்கள். ரெண்டு பேரையும் போர்க்களத்தில் ஐந்து நிமிஷம் பேச விடுங்கள். டைஸை அப்புறம் உருட்டிக்கலாம்.